தீயணைப்புத் தொட்டியில் ஜிலேபிக் கெண்டை

பாலைவனத்துக்கு மீன் பிடிக்க வந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கேம்ப்பில், என் ரூமில், என் தலைக்கு மேலே இருந்த கட்டிலில் படுத்திருந்தார். விசாவில் பெயிண்டர் என்று போட்டிருந்தது. அது கம்பெனியின் கருத்து. அவருடைய கருத்து வேறு.

பாஸ்போர்ட்டில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஒரு தம்ளருக்கு மேல் தண்ணீர் எங்கே தேங்கி நின்றாலும் அவருக்கு அது கண்மாய்தான். முதல் தடவை விமானத்தில் வரும்போது ஜன்னல் வழியாக அரபிக் கடலைப் பார்த்துவிட்டு, “இது எந்த ஊருக் கண்மாய் தம்பி? கரையவே காணோம்!” என்று பக்கத்து சீட்காரரைக் கேட்டாராம். அந்தப் பக்கத்து சீட்காரர் எங்கள் கேம்ப்புக்கே வேலைக்கு வந்து தொலைத்தார். இறங்கிய அன்றே பெயர் நிலைத்துவிட்டது. கண்மாய்.

கேம்ப் அமீரகத்தில், ராஸ் அல் கைமா பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது. மலையில் எப்போதாவது பெய்யும் மழையைத் தேக்க ஓர் அணை. குளிர்காலத்தில் நிறைந்து, அதன் பின்னால் வருடம் பூராவும் ஏரி மாதிரி தண்ணீர் நிற்கும். நல்ல தண்ணீர். அதில் யாரோ எப்போதோ விட்ட ஜிலேபிக் கெண்டைகள் குடும்பம் குட்டியோடு பெருகிக் கிடந்தன. அணைக் காவலுக்கு இருந்த பலூச்சிப் பெரியவர், தூண்டில் போடுகிறவர்களை ஒன்றும் சொல்லமாட்டார். இதெல்லாம் கண்மாய் வந்த முதல் வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்துவிட்டார். சம்பளம் எந்தத் தேதியில் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரிய ரொம்ப நாள் ஆனது.

வெள்ளிக்கிழமை வந்தால் நாங்கள் துணி துவைப்போம், வீட்டுக்கு வீடியோ கால் போடுவோம். அவர் காலிப் பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிடுவார். இரை, முதல் நாள் மிஞ்சிய குபூஸ் ரொட்டி. டைம்கீப்பரான நான் வேடிக்கை பார்க்க ஒரு நாள் அவரோடு போனேன். மனிதர் தண்ணீரைப் பார்த்து, “யல்லா! யல்லா! ஜல்தி!” என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, மீன்கிட்ட அரபி பேசுறீங்க?”

“பெறந்தது வளந்தது எல்லாம் இங்கிட்டுத்தான தம்பி? தமிழ்ல கூப்பிட்டா அதுக்கு என்னா வெளங்கும்?”

அரை நாள் ஆகியும் ஒன்றும் மாட்டவில்லை. “மாஃபி? ஏன் மாஃபி?” என்று, ‘இல்லை’ என்பதற்கான அரபிச் சொல்லாலேயே ஏரியைத் திட்டிவிட்டு எழுந்தார்.

மீன் மாட்டாததற்கு அவரிடம் பருவத்துக்கு ஒரு காரணம் இருந்தது. டிசம்பரில் மழைத் தண்ணீர் புதுசு, மீனுக்குச் சளி பிடித்திருக்கும். மார்ச்சில் மண் காற்று, கண்ணில் தூசி. ஏப்ரலில், “பொட்ட மீனு குஞ்சுகள வாயிலதான் வச்சுக் காப்பாத்தும் தம்பி. வாய் நெறயாப் புள்ளைய வச்சுக்கிட்டு எப்பிடிக் கடிக்கும்?” மே மாதம் தண்ணீர் சூடாகி மீனெல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும் என்று, விடியும் முன்னே சுப்ஹு பாங்கு சொல்லும்போதே கிளம்பிவிடுவார். அப்படியும் மாட்டுகிற மீன் மாட்டும். குழம்பு வைப்பார். குழம்பு மட்டும் பொய் சொல்லாது, அவ்வளவு ருசி.

ஜூலையில் விவகாரம் வந்தது. அந்த வருடம் வெயில் ஏரியை உறிஞ்சிக் குடித்துவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது நடுவில் வாலிபால் கோர்ட் அளவுக்குக் குட்டை. அதற்குள் அத்தனை கெண்டையும் முதுகு தெரியத் துள்ளிக்கொண்டிருந்தன. மெஸ் சமையல்காரர் அதிராம்பட்டினத்து பாய், பெரிய அண்டாவோடு வந்திருந்தார்.

“கையாலயே அள்ளலாம் போலிக்கே! கேம்ப்புக்கே ஆணம் வச்சிரலாம்!” என்று குழம்பு ஆசையில் லுங்கியை மடித்துக் கட்டினார்.

கண்மாய் முழங்கால் சேற்றில் இறங்கிக் குறுக்கே நின்றார்.

“ஒருத்தரும் கைய வைக்கக் கூடாது.”

“ஏங்காணும்? வருசம் பூரா நீரு புடிக்கலியா?”

“அப்ப அது தப்பிச்சு ஓடத் தண்ணி இருந்துச்சு பாய். பத்துத் தடவ நான் தோத்தேன், ஒருதடவ அது தோத்துச்சு. இப்ப அள்ளுனா அதுக்குப் பேரு மீன்பிடியா? களவு.”

“சரி, விட்டுட்டுப் போனா நாளைக்குச் செத்துப் போவும். அதுக்கு என்ன செய்யச் சொல்றீரு?”

“தூக்கிக்கிட்டுப் போவோம்.”

“எங்கே?”

கண்மாய் அதை யோசித்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “கேம்ப்புக்குப் பின்னாடி ஃபயர் டேங்க் இருக்கு” என்றேன்.

தீப்பிடித்தால் அணைப்பதற்காக நிழலில் கட்டியிருந்த சிமெண்ட் தொட்டி அது. திறந்து பார்ப்பவர் கிடையாது. அன்று மதியம் வரை பெயிண்ட் பக்கெட், அண்டா, கூலர் டப்பா என்று கிடைத்ததிலெல்லாம் மீனை நிரப்பி, கம்பெனி பிக்கப்பில் ஏற்றி, தொட்டியில் விட்டோம். முணுமுணுத்துக்கொண்டே அதிகம் சுமந்தவர் பாய்தான். அன்றிலிருந்து மெஸ்ஸில் குபூஸ் மிஞ்சவே இல்லை. கண்மாய் டூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் தொட்டி மூடியைத் தூக்கி, “க்யா பாய், அச்சாவா?” என்று மீன்களிடம் இந்தியில் நலம் விசாரிப்பார்.

ஆகஸ்டில் ஃபயர் டிரில் வைத்தார்கள். கேம்ப்பே வெயிலில் வரிசையாக நின்றது. எங்கள் மேலாளர் எகிப்துக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அரபி வழக்கப்படி எல்லோருக்கும் அவர் முதீர். அவர் விசில் ஊத, பம்ப் ஓட, நாலு பேர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சத் தயாராக நின்றார்கள். ஹோஸ் ஒரு தடவை இருமியது. ரெண்டு சொட்டு வந்தது. அவ்வளவுதான்.

பம்ப்பின் வடிகட்டி வலையைக் கழற்றிப் பார்த்தால் அப்பியிருந்தது அத்தனையும் ஊறிய குபூஸ். முதீர் தொட்டி மூடியைத் திறந்தார். சாப்பாடு வந்துவிட்டது என்று எல்லாக் கெண்டைகளும் மேலே வந்து வாயைத் திறந்தன.

“யார் வேலை இது?” என்று இங்கிலீஷில் கத்தினார். “அவனுக்கு இன்றைக்கே டிக்கெட். ஊருக்கு. கலாஸ், முடிந்தது!”

ஃபயர் டேங்க் யோசனை என்னுடையதாயிற்றே. நான் நகர்வதற்குள் கண்மாய் முன்னால் போய் நின்றுவிட்டார். நானும் பின்னாலேயே போய், “நாங்க ரெண்டு பேரும் சார்” என்றேன். பாயோ, தன் அண்டாவைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்மாய் பேச ஆரம்பித்தார். முழுக்கத் தமிழில். வெயில் என்றார், குட்டை என்றார், தாய் மீனின் வாய் என்றார், களவு என்றார். தொண்டை கட்டிக்கொள்ளும் வரை பேசினார்.

“என்ன சொல்கிறான்?” என்று முதீர் என்னைக் கேட்டார்.

“சாரி சொல்றார் சார்.”

“இவ்வளவு நேரமுமா?”

“தமிழ்ல சாரி கொஞ்சம் பெருசு சார்.”

முதீர் மறுபடி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, தண்ணீரில் விரலை விட்டார். “புல்தி” என்றார். குரலே மாறிவிட்டது. “இது எங்கள் ஊர் மீன். நைல் நதி மீன். என் அப்பா பிடிப்பார்.”

அதை நான் தமிழில் சொன்னதும், கண்மாய் ‘அப்பா’ என்ற இடத்தில் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா தம்பி, சாரும் கண்மாய்க்காரருதான்!” என்றார்.

டிக்கெட் பேச்சு அத்தோடு போனது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் தொட்டி காலியாக வேண்டும் என்று உத்தரவு. முதீரே பக்கத்துப் பேரீச்சந் தோட்டத்து அரபியிடம் பேசி, அவருடைய பாசனத் தொட்டியில் இடம் வாங்கிக் கொடுத்தார். மீன்கள் இரண்டாவது தடவையாக வீடு மாறின. எல்லாம் முடிந்ததும் முதீர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குபூஸை இரைக்கு எப்படிப் பிசைய வேண்டும் என்று கண்மாயிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அக்டோபரில் கண்மாயை சவுதியில் ஜுபைல் புராஜெக்டுக்கு மாற்றினார்கள். வண்டி ஏறும்போது, “மழ பேஞ்சு தண்ணி நின்னா கொண்டுபோயி விட்டுருங்க தம்பி. அரபித் தொட்டில ரொம்ப நாளு வச்சுக்கிட்டா சோம்பேறியாயிரும்” என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிசம்பரில் மலை மேல் நல்ல மழை. ஏரி நிறைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நானும் பாயும் பக்கெட்டுகளோடு கிளம்பினால், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு முதீர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேருமாகக் கெண்டைகளை ஏரியில் விட்டோம். விட்டுவிட்டு ஜுபைலுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, விட்டாச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

“பாயி ஒன்னும் எடுத்து வைக்கலியே?”

“இல்லண்ணே.”

குனிந்து, போனைத் தண்ணீரோரம் பிடித்தேன். கரையை ஒட்டி ஒரு கெண்டை எகிறி விழுந்தது.

“கேட்டுச்சு தம்பி” என்றார்.

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.