பெற்றோரிடம் கேட்கவும்

எனக்கு வயசு நாப்பத்தியேழு. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா என் டேப்லெட்டு நம்ப மாட்டேங்குது. அதுக்கு நான் ஒம்பது வயசுப் பையன்.

பேரு லோகநாதன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல எடை மேடை என் பொறுப்பு. முப்பது டன் கம்பி ஏத்திகினு வர்ற லாரி நான் கை காட்டினா நிக்கும், கை காட்டினா போவும். அப்படியாப்பட்ட ஆளு, போன மாசம் ஒரு நாள் மதியம் டேப்ல கிரிக்கெட் பாத்துகினு இருந்தேன். சுத்தி எட்டு டிரைவருங்க. கடைசி ஓவர். பவுலர் ஓடி வர்றான். ஸ்கிரீன் பட்டுனு வெள்ளையாச்சு. நடுவுல எழுத்து வந்துச்சு: "இன்றைய நேரம் முடிந்தது. பெற்றோரிடம் கேட்கவும்."

எட்டு பேரும் ஒண்ணா, ஸ்கூல் பசங்க மாதிரி சத்தமா படிச்சாங்க.

அதுல சாலமோன் என் தோஸ்து. அவன் மட்டும் சிரிக்கல. ரொம்ப அக்கறையா கேட்டான்: "இன்னா லோகு, அம்மாக்கு போன் போடட்டா?"

வூட்டுக்குப் போனதும் செருப்பக்கூட கழட்டல. என் சம்சாரம் கார்குழலி மொறத்துல அரிசி புடைச்சிகினு இருந்தா.

"குழலி, டேப்ல இன்னா பண்ணி வெச்ச?"

"கொழந்தைங்க பூட்டு போட்டுகீறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்."

"நம்ம வூட்ல ஏது கொழந்த? கீற ஒரே பையனும் வேலைக்கு பெங்களூரு போய்ட்டான்."

"அதான் உன் பேர குடுத்தேன்."

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தெனம் எவனாவது ஒருத்தன் உனக்கு கார் பரிசுன்னு அனுப்பறான். நீயும் தெனம் போய் அமுக்கற. உயிரோட கீற எங்க சித்தப்பாக்கு குடும்ப குரூப்புல கண்ணீர் அஞ்சலி போட்ட."

"படத்துல மாலை போட்டுகினு இருந்தாரு."

"அது அறுபதாம் கல்யாணம். அவரே 'நன்றி மாப்ள'ன்னு பதில் போட்டாரு. மானம் போச்சு."

குழலி மொறத்தத் தட்டிட்டு எழுந்தா. "அந்த டேப்ப மட்டும் நோண்டாத, சொல்லிட்டேன். அதெல்லாம் உன்னால ஆவாது."

ஆவாதாமே. மறுநாளே எடை மேடையில ஏறி நின்னு அறிவிச்சேன். வர்ற வாரத்துக்கு அடுத்த ஞாயித்துக்கெழம ஃபைனல். எட்டு பேரும் என் வூட்டுக்கு வாங்க. என் டேப்புல, மொத பந்துலேர்ந்து கடைசி பந்து வரைக்கும் பாப்போம். எந்தப் பெற்றோரையும் கேட்க மாட்டேன். டிரைவருங்க கை தட்டினாங்க. இனிமே பின்வாங்கினா அந்த மேடையில நான் தலை தூக்கி நிக்க முடியாது.

திருவொற்றியூர் டோல்கேட்டாண்ட மொபைல் கடை வெச்சிருக்காரு உபைதுல்லா பாய். விஷயத்த சொன்னேன். சிரிச்சு முடிக்க அவருக்கு ஒரு டீ ஆச்சு.

"ரூட் பண்ணணும் மாமு."

"ரூட்டுன்னா எனக்கு பஸ் ரூட்டுதான் தெரியும், பாய்."

"கம்பெனிக்காரன் வண்டிய உன்கிட்ட வித்துட்டு, சாவிய அவனே வெச்சிகினு கீறான். அந்த சாவிய புடுங்கறதுக்குப் பேருதான் ரூட்டு. மொதல்ல பழைய ஆண்ட்ராய்ட கழட்டிட்டு புதுசா ஒண்ணு ஏத்திடலாம். பூட்டும் அதோட போய்டும்."

அப்புறம் செட்டிங்ஸ்ல ஒரு நம்பரக் காட்டி, அதுமேல ஏழு தட்டு தட்டச் சொன்னாரு. தட்டினேன். 'நீங்கள் இப்போது டெவலப்பர்'னு வந்துச்சு. என் மச்சான் பகலவன் நாலு வருஷம் படிச்சு, மூணு அரியர் எழுதி டெவலப்பர் ஆனான். நான் ஏழு தட்டுல ஆய்ட்டேன்.

பாய் மட்டும் நெத்திய சுருக்கினாரு. "கொழந்தைங்க பூட்டுல இத்தயும் அடைச்சு வெப்பாங்களே. உன் வூட்டம்மா மறந்துட்டாங்களா?"

"அவளுக்கு அவ்ளோதான் தெரியும் பாய்"னு சொன்னேன். எவ்ளோ பெருமையா சொன்னேன் தெரியுமா?

கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டோம். அவன் போட்ட பூட்ட தொறக்கறதுக்கு ஏழு நாள் பொறுத்திருந்து யோசிச்சிக்கோன்னு பதில் வந்துச்சு. எனக்கு கல்யாணம் பேசி முடிச்சப்பகூட யாரும் இப்படி டைம் குடுக்கல.

அந்த ஏழு நாளும் வூட்ல நான் ரொம்ப நல்ல புள்ளையா இருந்தேன். குழலி டேப்ப பாக்கும்போதெல்லாம் பெருமூச்சு வுடுவா. எங்க தெரு சங்கத்துக்கு அவதான் செயலாளர். மணலி ஃபேக்டரிங்க பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா, கொடியில காயற வெள்ள வேட்டி கருப்புப் பொட்டு வெச்சிக்கும். புகார் எழுதி எடுத்துகினு போனா மாசு கட்டுப்பாட்டு ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. "ஆப்ல போடுங்கம்மா, படத்தோட"ன்னுவாங்க. அந்த ஆப்பு தெருவுல கீற எந்த போன்லயும் ஏறாது, எங்க பழைய டேப்புலயும் ஏறாது. கம்பெனிக்காரன் இந்த மாடல எப்பவோ கை கழுவிட்டான். மூச்சு முட்டற தெருவுல முட்டுதுன்னு சொல்லவே புது மாடல் வேணும்னா இன்னா பண்றது? டேப்ப சரி பண்ணிக் குடுன்னு குழலி ஒரு வருஷமா என்ன கேட்டுகினு இருந்தா. நானும் ஒரு வருஷமா "ஞாயித்துக்கெழம பாக்கறேன்"னு சொல்லிகினு இருந்தேன்.

சனிக்கெழம அவ போட்டோவெல்லாம் தன் போனுக்கு மாத்திகினு இருந்தா.

"இன்னாத்துக்கு இப்ப மாத்தற?"

"சும்மாதான். நீ டேப்ப நோண்டாம இருந்தா சரி."

ஞாயித்துக்கெழம காலையில பாய் கடையில ஆபரேஷன் ஆரம்பிச்சுது. பூட்டு தொறந்துச்சு, இருந்ததெல்லாம் அழிஞ்சுது. ஊரு பேரு தெரியாத எவனோ ஒரு புண்ணியவான் பழைய டேப்புங்களுக்குன்னே புது ஆண்ட்ராய்ட சும்மா செஞ்சு குடுத்துகீறான். அத்த ஏத்தினோம். பாதியில ஸ்கிரீன் கருப்பாயி அரை மணி நேரம் உயிரே இல்ல. பாய் அசரல. திரும்ப ஏத்தினோம். அப்புறம் ரூட்டு. 'சூப்பர் யூசர்'னு எழுதி வந்துச்சு. கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்துல என்ன யாரும் அப்படி கூப்பிட்டதில்ல.

எடை மேடைக்காரன் இல்லையா, உள்ள தேவையில்லாத சரக்க எல்லாம் எறக்க ஆரம்பிச்சேன். காலண்டர், கடிகாரம், கேல்குலேட்டர். மேட்ச் பாக்கறதுக்கு எழுத்து இன்னாத்துக்குன்னு கீபோர்டயும் தூக்கிட்டேன். அப்புறம் பாஸ்வேர்டு கேட்டுச்சு. எத்த வெச்சு எழுதறது? பாய் தலையில அடிச்சிகினு திரும்பப் போட்டுக் குடுத்தாரு.

சாயந்தரம் அஞ்சு மணிக்கு நெஞ்ச நிமித்திகினு வூட்டுக்கு வந்தேன். குழலி வாசல்லயே நின்னுகினு இருந்தா.

"முடிஞ்சுதா?"

எப்படித் தெரியும்னு கேட்கத் தோணல. பெருமை கண்ண மறைச்சுது. "பாரு. பெற்றோரும் இல்ல, புள்ளையும் இல்ல. இனிமே நான்தான் ராஜா."

டேப்ப வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. "எந்த ஆண்ட்ராய்டு?"

"பதிமூணு."

"பன்னெண்டு இருந்தாலே போதும்னு போட்டிருந்தான்."

"எவன்?"

அவ வெரல் வேகமா ஓடுது. ஒரு நிமிஷத்துல எதிர்வூட்டப் பாத்து கொரல் குடுத்தா: "பூவம்மாக்கா, ஆப்பு ஏறிடுச்சு. துணிங்கள எடுத்துகினு வரச் சொல்லு."

தெருவே வந்துச்சு. பாவாடை, போர்வை, பள்ளிக்கூட சட்டை, எல்லாத்துலயும் கருப்புப் பொட்டு. மொத்தம் நாப்பத்திரெண்டு வூடு. ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு புகார், மூணு படம், ஒரு விலாசம்.

"குழலி, ஏழரைக்கு மேட்ச்சு."

"இவங்க வருஷம் பூரா காத்துகினு இருந்தாங்க. நீ ஒரு ராத்திரி பொறுத்துக்கோயா."

"அப்ப... நீ வேணும்னேதான் பூட்டு போட்டியா?"

"வேற எப்படி? கடையில குடுக்கலாம்னா, வெளி ஆளு கை வெக்கக் கூடாதுன்ன. நீயே பண்ணுன்னா ஞாயித்துக்கெழமன்ன. எந்த ஞாயித்துக்கெழமன்னு சொல்லவே இல்ல. அதான் பூட்டு போட்டேன், நீயே மேடை ஏறி நாளு குறிச்சிகின."

"அந்த ஏழு தட்டு..."

"அத்தயும் அடைச்சிருந்தா நீ வேலைய எப்படி முடிச்சிருப்ப? முறுக்கு வேணுமா?"

ஏழு மணிக்கு சாலமோன் மத்த ஏழு பேரோட வந்தான். வந்தவங்கள குழலி வுடல. ஆளுக்கு ரெண்டு முனையா போர்வைய விரிச்சுப் புடிக்க வெச்சு படம் எடுத்தா. முப்பது டன் லாரி ஓட்டறவங்க, அசையாம நின்னாங்க. மேட்ச்ச சாலமோனோட ஸ்கிரீன் வெடிச்ச போன்ல ஒம்பது பேரு பாத்தோம். பந்து எது, விரிசல் எதுன்னு கடைசி வரைக்கும் தெரியல. கோப்பைய யாரு தூக்கினாங்கன்னு பேப்பர்லதான் படிச்சேன்.

நாப்பத்திரெண்டு புகாரும் போய்ச் சேந்துச்சு. வருத்தம்தான், ஆனா நெசத்த சொல்லணும்னா, தெருவுல பொம்பளைங்க என்ன "டேப்பு சரி பண்ண அண்ணன்"னு சொல்றத கேட்டா கொஞ்சம் கெத்தாவும் கீது.

இன்னிக்கு காலையில பாத்தேன், குழலி தண்ணி மோட்டாரு மேல பழைய கோணிய போட்டு மூடிகினு இருந்தா. அது ஆறு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி ஏத்தல.

"இத்த நீ தொடவே கூடாது. ஆளு வெச்சுப் பாத்துக்கறேன். இதெல்லாம் உனக்கு வராது."

இந்த தடவ எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. அவ தந்திரம் மொத்தமும் தலைகீழ் பாடம். இனிமே ஏமாற மாட்டேன்னு உங்க கைய புடிச்சு சத்தியம் பண்ணியிருப்பேன், ஆனா கை பூரா கிரீஸு, ஸ்பேனர வேற புடிச்சிகினு கீறேன்.