பாம்பண்ணையின் சூட்டுப்பாய்

உலகத்து அகதிகள் எல்லாரும் தங்களுக்கு அடைக்கலம் கேட்பார்கள். பாம்புக்கும் சேர்த்துக் கேட்ட அகதி எனக்குத் தெரிந்து ஒரேயொருவர்தான். அந்த ஒருவர் என்னுடைய அறையில், எனக்கு எதிர்க்கட்டிலில் வந்து வாய்த்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியில், கொலோன் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய ஹோட்டலை அகதிகள் விடுதியாக்கியிருந்தார்கள். ஹைம் என்போம். வேலை செய்ய அனுமதியில்லை. ஊரெல்லையைத் தாண்ட அனுமதியில்லை. சமைக்கலாம், சீட்டாடலாம், கடிதத்துக்குக் காத்திருக்கலாம். இந்த மூன்றையுமே ஒழுங்காகச் செய்யத் தெரியாத மனிதர் அவர். சோறு வைத்தால் மேலே அரிசி, கீழே கரி.

எதிர்வீட்டு ஜெர்மன் மாணவன் படிப்பு முடிந்து புறப்படும்போது, கண்ணாடித் தொட்டியும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றான். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்பு. விஷமில்லை, யாருக்காவது வேண்டுமா என்று கேட்டான். மாடி முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் ஆள் மட்டும் ‘யா’ என்றார். அப்போது அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அந்த ஒரு சொல்தான். அவன் கேட்டது விளங்காமல்தான் சொன்னார் என்று நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். அன்றோடு சொந்தப் பெயர் போய், பாம்பண்ணை ஆகிவிட்டார்.

குளிர் தொடங்கியதும் பாம்பு கயிறுபோல அசையாமல் கிடந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அண்ணை, ஒரு கல்லைச் சுடவைச்சு உள்ளுக்க வையுங்கோவன்.”

“ஐசே, உமக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ? பாம்புக்கு வயித்துக்குக் கீழ சூடு ஏறினா உடன விளங்காது. இதமா இருக்கெண்டு படுத்துக் கிடந்தே வெந்து போடும்.”

இந்த ஞானம் பட்டணத்துச் செல்லப்பிராணிக் கடையில் கிடைத்தது. அகராதியோடு போய் நாலு நாள் அங்கேயே நின்றிருக்கிறார். தன்னுடைய அகதி வழக்குக்காக ஒரு ஜெர்மன் சொல் படிக்காதவர், பாம்பின் வயிற்றுக்காக ஐம்பது சொல் படித்தார். பிறகு காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனபோது, “அடிப்பக்கம் குளிர், மேல்பக்கம் சூடு, காற்றோட்டம் போதாது” என்று அந்தச் சொற்களையே எடுத்துவிட்டாராம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், சுகமும் வந்துவிட்டது. என்னுடைய எரிச்சலே அதுதான்.

அவருடைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்! மின்சாரத்தில் இயங்கும் மெல்லிய சூட்டுப்பாய் ஒன்று தொட்டிக்கு வெளியே, அடியில். அதுவும் ஒரு பக்கத்தில் மூன்றிலொரு பங்குக்கு மட்டும். அடியில் சூடு அடைபடாதபடி நாலு மூலைக்கும் மரத்துண்டு. பாய்க்கும் பிளக்குக்கும் நடுவில் தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவை மீறினால் தானாக நிறுத்தும் பெட்டி. உள்ளே இரண்டு பக்கமும் வெப்பமானி. அவற்றை நாளுக்குப் பத்துத் தரம் பார்ப்பார். நான் ஒரு மாதம் இருமினேன். ஏனென்று ஒரு தரம் கேட்கவில்லை.

ஒருநாள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்கு டெர்மின், அதாவது வரச்சொன்ன நேரம், இருந்தது. விடியவே போய்விட்டார். தெர்மோஸ்டாட் ‘டிக், டிக்’ என்று என் மண்டையில் குத்திக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி ஒரு பக்கம் போட்டுவிட்டு, பாயை நேரே பிளக்கில் செருகினேன். சத்தம் நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

பின்னேரம் அவர் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் அடியில் கை வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பாம்பு சூடில்லாத மற்ற மூலையில், கண்ணாடியோடு ஒட்டிச் சுருண்டிருந்தது. உயிர் இருந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாம்பைத் தூக்கி வயிற்றை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தார். தெர்மோஸ்டாட்டைத் தேடியெடுத்துத் திரும்பவும் பாயோடு பூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. நான்...”

“நீர் இப்பிடி ஏதும் செய்வீரெண்டு எனக்குத் தெரியும். அதுதான் மற்றப் பக்கத்தைச் சும்மா விட்டனான்.”

அவமானம் தாங்கவில்லை. ஒரு தேத்தண்ணியாவது போட்டுக் கொடுப்போமென்று, பழைய மின்கேத்தலை அதே பிளக்கில் செருகினேன். ‘பட்’ என்றது. மாடி முழுவதும் கரண்ட் போய்விட்டது.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் டோர்ச் லைட்டோடு ஏறி வந்தார். அறை அறையாகத் தேடி, களவாக வைத்திருந்த கேத்தல், குக்கர், ஹீட்டர் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டார். எங்கள் அறையில் பாம்பைக் கண்டதும் இரண்டடி பின்னால் பாய்ந்தார். பிறகு மெல்ல வந்து, குனிந்து, பாயைப் பார்த்தார், மரத்துண்டைப் பார்த்தார், தெர்மோஸ்டாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யார் செய்தது?”

“நான்தான்” என்றார் பாம்பண்ணை, நல்ல ஜெர்மனில். கூடவே தெர்மோஸ்டாட் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தொடங்கிவிட்டார். கால் மணித்தியாலம்! நானும் மாடியிலுள்ள மற்றவர்களும் இருட்டில் நின்று கேட்டோம்.

கடைசியில் ஹவுஸ்மைஸ்டர் சொன்னார்: “இந்தக் கட்டடத்தில் ஆபத்தில்லாத ஹீட்டர் இது ஒன்றுதான். இது இருக்கட்டும்.”

அந்தப் பனிக்காலம் முழுக்க நாங்கள் பன்னிரண்டு பேர் போர்வைக்குள் பல் கிட்டிக்கிடந்தோம். பாம்பு மட்டும் பதமான சூட்டில் படுத்திருந்தது. மாடியே அவரைச் சபித்தது. என்னுடைய குரல்தான் எல்லாவற்றிலும் உரத்தது.

மாசி மாதம் அவரை ஸ்டுட்கார்ட் பக்கம் மாற்றிக் கடிதம் வந்தது. தொட்டியைக் காவிக்கொண்டு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். பனி கொட்டியது. பாம்பைத் துணிப்பைக்குள் விட்டு, அந்தப் பையைத் தன்னுடைய கோட்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறும் சுவெட்டரோடு நின்று நடுங்கினார் மனிதர்.

“உங்களுக்கு விசரோ அண்ணை?” என்று ரயில் வரும்வரை திட்டினேன். வந்ததும் என்னுடைய கோட்டைக் கழற்றி அவருடைய தோளில் போட்டேன்.

“அப்ப நீர் என்ன செய்வீர்?”

“ஹைம் உதிலதானே அண்ணை. ஓடிப் போடுவன்.”

ஹைமுக்கு அங்கிருந்து நாலு கிலோமீட்டர்.