ஒரு உறுப்பினருக்கு ஒரு வேன்

ஒரு திங்கட்கிழமை காலையில், பத்தே நிமிடத்தில், ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகையை இரண்டு மடங்குக்கும் மேலாக்கியவன் நான். அந்த நாட்டுக்கு நான் போனதில்லை. வாழ்க்கையில் நான் போன அதிகபட்ச வெளிநாடு ஆந்திரா, அதுவும் ஒரு காதுகுத்துக்கு, மாலையே திரும்பிவிட்டோம். ஆனால் கையில் ஒரு பட்டமும் எதிரில் ஒரு திரையும் கிடைத்துவிட்டால் மனிதன் எதையும் செய்துவிடுவான் என்பதற்கு நான் சாட்சி.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். அம்மா அதே பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங். நான் கல்லூரியில் எடுத்தது புள்ளியியல். (விரும்பி எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கணிதத்தில் இடம் முடிந்துவிட்டது என்பதுதான் உண்மை.) படித்து முடித்ததும் அம்மா கூட்டிப் பெருக்கும் அதே கம்பெனியில் எனக்கும் ஆபீஸ் வேலை கிடைத்தது. ஆறு மாதம் ட்ரெய்னி. அதன் முடிவில் பர்மனென்ட் லெட்டர் வரும், அல்லது வராது. அம்மா அதுவரை காத்திருக்கவில்லை. முதல் வாரமே புதுவாயலில் எங்கள் தெரு முழுக்க, "பர்மனென்ட் ஆயிட்சி" என்று அறிவித்துவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் அம்மாவுக்கு ஒரு சட்டம் போட்டேன்.

"அம்மா, கம்பெனில எல்லார் எதிர்லயும் என்னை நைனான்னு கூப்புடாத."

"பின்ன இன்னான்னு கூப்புடறது?"

"சார்னு கூப்புடு. இல்லன்னா கூப்புடாமலே இரு."

அம்மா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஐந்து மாதம் தினமும் என் மேசையில் டீயை வைத்துவிட்டு, யாரோ போல அடுத்த மேசைக்குப் போய்விடுவாள். (இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. குட்டிக்கொண்டேன்.)

ஐந்தாவது மாதக் கடைசியில்தான் அந்த ஆர்டர் வந்தது. மெல்போர்னில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் வசந்தி மேடம் தண்ணீர் பாட்டில் கேட்டிருந்தார். அவர் வில்லிவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே பிரபலமான கால்பந்தில் பதினெட்டு கிளப்புகள் இருக்கின்றனவாம். ஒவ்வொரு கிளப்பின் நிறத்திலும் பாட்டில் வேண்டும். மொத்தம் எத்தனை என்பது முடிவாகிவிட்டது. எந்த நிறத்தில் எத்தனை என்பதைத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்றார்.

எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் தணிகாசலம் சாருக்கு அதுவரை பொறுமை இல்லை. பிளாஸ்டிக்கோடு கலக்கும் கலர் குருணையை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, நீ எண்ணறதுக்குன்னே தான படிச்சிக்கீற? எந்த கிளப்புக்கு எவ்ளோ ரசிகருன்னு எண்ணிக் குடு. பெரிய கிளப்புக்கு நெறைய பாட்டிலு, சின்ன கிளப்புக்கு கம்மி. அவ்ளோதான் மேட்டரு."

மூன்று நாள் அந்த ஆட்டத்தைப் படித்தேன். பந்து முட்டை மாதிரி இருக்கிறது. மைதானமும் முட்டை மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையில் உதைத்தால் ஆறு பாயிண்ட். குறி தவறி, பக்கத்துக் கம்பத்துக்கு உள்ளே போனால் அதற்கும் ஒரு பாயிண்ட். என் போனில் எட்டிப் பார்த்த அப்பாவுக்கு இது மட்டும் பிடித்துப்போனது.

"தப்பா அடிச்சவனுக்கும் மார்க்கு போடறானுங்களா? நல்ல மனுசனுங்கடா. நீ எட்டாவதுல கணக்குல பெயிலானப்ப ஒனக்கு யார்னா போட்டாங்களா?"

ஒவ்வொரு கிளப்பும் தனக்கு எத்தனை உறுப்பினர்கள் என்று தானே வெளியிடுகிறது. பதினெட்டு எண்களும் கிடைத்தன. அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதிக் கொடுத்துவிட்டு நான் நாஷ்டா சாப்பிடப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நான் படித்தவன் ஆயிற்றே. உறுப்பினர் வேறு, ரசிகர் வேறு அல்லவா என்று என் படிப்பு கேட்டது.

அந்தச் சந்தேகத்தை எங்கள் ஊரில் தீர்த்து வைக்கக்கூடிய ஒரே ஆள் செல்வம் அண்ணன். புதுவாயல் கூட்டு ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். ஒரு பெரிய நடிகரின் ரசிகர் மன்றக் கிளைச் செயலாளர். (எந்த நடிகர் என்று சொல்லமாட்டேன். ஒரு பேஜாரு போதும்.) நான் போனபோது ஒரு மினி லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால்களிடம்தான் பேசினேன்.

"அண்ணா, மன்றத்துல உறுப்பினர்னா யாரு?"

"கார்டு வச்சிருக்கறவன். நம்ம கிளையில இருவத்தோரு பேரு."

"அப்ப ரசிகருங்க இருவத்தோரு பேருதானா?"

லாரிக்கு அடியில் ஸ்பேனர் நின்றது. "இன்னாடா இப்டி கேட்டுட்ட? படம் ரிலீசுன்னா ஒரு கார்டுக்கு ஒரு வேனு வரும். வேனுக்கு இருவத்தஞ்சு பேரு. டாப்புல குந்திக்கினு வர்றவன் தனி."

"எல்லா நடிகருக்கும் அப்டித்தானா?"

"அதெப்டி? படம் ஓடிக்கினே இருந்தா கூட்டம் தானா வரும். அவன்லாம் ரசிகனா? படம் ஊத்திக்கினு இருக்கும்போதும் மொத நாள் மொத ஷோவுக்கு வர்றான் பாரு, அவன்தான் ரசிகன். தோக்கத் தோக்கத்தான்டா கூட்டம் வெறியாவும்."

எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. வீட்டுக்குப் போய் 'வாகனக் குணகம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். அடிக்கடி ஜெயிக்கும் கிளப்பென்றால் ஒரு உறுப்பினருக்கு ஒரு ஷேர் ஆட்டோ, பத்து பேர். நடுத்தரக் கிளப்பென்றால் ஒரு வேன், இருபத்தைந்து பேர். தோற்றுக்கொண்டே இருக்கும் கிளப்பென்றால் ஒரு லாரி, நூறு பேர். பெருக்கினேன். பட்டியலின் கீழ்ப்பாதியில், குறைந்த உறுப்பினர்களோடு, தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு கிளப் லாரி லாரியாக ஆள் இறக்கி முதலிடத்துக்கு வந்தது. அதன் நிறம் கத்தரிப்பூ ஊதாவும் ஆரஞ்சும். பதினெட்டையும் கூட்டி மட்டும் பார்க்கவில்லை. கூட்டுவது சின்னப் பிள்ளைகள் வேலை என்று விட்டுவிட்டேன்.

தணிகாசலம் சார் என் அறிக்கையை நம்பினார். (அதில் சதவீதமும் தசமப் புள்ளிகளும் இருந்தன. தசமப் புள்ளி இருந்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.) ஊதாக் குருணை வாங்கி, மேடத்துக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, சனிக்கிழமையே மிஷினில் இரண்டாயிரம் பாட்டில் ஓட்டிவிட்டார். ஊதா பாட்டில், ஆரஞ்சு மூடி. பார்க்கக் கத்தரிக்காய்க்குத் தொப்பி போட்டது போல இருந்தது.

திங்கட்கிழமை. மீட்டிங் அறையில் எம்.டி., தணிகாசலம் சார், நான். அலமாரி முழுக்கக் கத்தரிக்காய்கள். திரையில் வசந்தி மேடம். முதல் இரண்டு ஸ்லைடில் பந்தையும் மைதானத்தையும் அவருக்கே விளக்கினேன். மூன்றாவதில் அந்த ஒரு பாயிண்ட் விதி. நான்காவதில் ஷேர் ஆட்டோ, வேன், லாரி, படங்களுடன்.

மேடத்தின் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியதைப் பார்த்தேன்.

"தம்பி, அந்த லாரி... அது எதுக்கு?"

விளக்கினேன். முழுமையாக, நேர்மையாக, கையை ஆட்டி விளக்கினேன்.

"இத யார் சொன்னது?"

"களத்துல இருக்கற ஒரு நிபுணர், மேடம்." (களத்தில் மல்லாந்து படுத்திருந்தார் என்பதைச் சொல்லவில்லை.)

"மெம்பர்னா இங்க தனக்குன்னு காசு கட்டி டிக்கெட் வாங்கறவர், தம்பி. அவர் மட்டும்தான் வருவார். மழ பேஞ்சா அவரும் வரமாட்டார். நீங்க மொத்தம் கூட்டிப் பாத்தீங்களா?"

எம்.டி. போனை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். கூட்டி முடித்து, "உங்க நாட்ல மொத்தமே எவ்ளோ பேரு மேடம்?" என்றார். மேடம் சொன்னார். எம்.டி. போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"கங்காருக்கெல்லாம் கார்டு குடுத்தாத்தான் சார் இந்தக் கணக்கு வரும்" என்று சொல்லிவிட்டு மேடம் வாய்விட்டுச் சிரித்தார். எம்.டி. சிரிக்கவில்லை. அவர் கண் அலமாரியில் இருந்த இரண்டாயிரத்தின் மாதிரிகள் மேல் போனது. லெட்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தெருவில் அது ஏற்கெனவே வந்தாகிவிட்டது. அடுத்த ஸ்லைடைத் தட்டி ஏதோ சொல்லப் போனேன், குரல் கீச்சென்று வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அம்மா, டீத் தட்டோடு.

திரையில் ஒருவர் சிரிப்பதைப் பார்த்து அம்மா முதலில் புன்னகைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஐந்து மாதச் சட்டம் அங்கேயே உடைந்தது.

"நைனா, தொண்ட கட்டிக்கினு கீது பாரு. டீயக் குடி."

எம்.டி. நிமிர்ந்தார். "உன் பையனாம்மா?"

"ஆமாங்க சார். எங்க ஊட்ல மொத மொத படிச்சது இவன்தான்." தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், எதுனா தப்பா சொல்லிட்டானா?"

என்னால் அம்மாவையும் பார்க்க முடியவில்லை, கத்தரிக்காய்களையும் பார்க்க முடியவில்லை. கடைசியில் வாயைத் திறந்தது தணிகாசலம் சார். ஐந்து மாதத்தில் என்னைத் திட்டுவதற்கு மட்டுமே அதைத் திறந்தவர்.

"பையன் போட்டது பேப்பர்லதாம்மா. மிஷின்ல ஓட்டுனது நானு. கூட்டிப் பாக்காதது நானுந்தான்."

திரையிலிருந்து வசந்தி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "அக்கா, உங்க பையன் கொஞ்சம் கோணலா அடிச்சிட்டாரு. ஆனா இங்க கம்பத்துக்குப் பக்கத்துல போனா அதுக்கும் ஒரு பாயிண்ட் உண்டு. அவரே சொன்னாரே, மூணாவது ஸ்லைடுல. சார், மெம்பர் கணக்கு பதினெட்டும் சரியா எடுத்திருக்கார். ஆட்டோ லாரியெல்லாம் கெளப்பி விட்டுட்டா எனக்கு இந்த லிஸ்ட்டே போதும். திருத்தற வேலையையும் இவர்கிட்டயே குடுங்க. இவ்ளோ கஷ்டப்பட்டுத் தப்பு பண்ற ஆளு லேசுல கெடைக்கமாட்டாங்க."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரர் அந்தக் கத்தரிக்காய் கிளப்புதான். அதுக்கு உலகத்துலயே அவர் ஒருத்தர்தான் ரசிகர்னு நான் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். செம்பட்டைத் தாடி வைத்த ஒருவர் திரைக்குள் தலையை நீட்டினார். என் பட்டியலைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொன்னார். மேடம் மொழிபெயர்த்தார்: "எங்களை யாராவது நம்பர் ஒன்னுன்னு சொல்லி இப்பதான் கேக்கறேன், அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லுன்றார்."

அவர்கள் ஐந்நூறு கத்தரிக்காய்களை எடுத்துக்கொண்டார்கள். எம்.டி. அப்போதுதான் டீயை எடுத்தார்.

மூன்று வாரத்தில் லெட்டர் வந்தது. கையெழுத்து வாங்கும்போது எம்.டி. ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே கடைசில கூட்டிப் பாரு." வீட்டில் லெட்டரைப் படித்துக் காட்டினேன். அப்பா, "இது ஆறு பாயிண்ட்டா, ஒன்னா?" என்று கேட்டார். அம்மாவிடம் சட்டம் ரத்து என்று சொன்னேன். "எந்த சட்டம்?" என்றாள்.

மீதி ஆயிரத்து ஐந்நூறு பாட்டிலையும் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று புதுவாயலிலிருந்து பக்கத்து ஆரணி வரை எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் நான்கு கத்தரிக்காயாவது தென்படும். அந்தக் கிளப்புக்கு மெல்போர்னைவிட எங்கள் பக்கத்தில் கூட்டம் அதிகம் என்று நான் நினைக்கிறேன். எண்ணிப் பார்க்கமாட்டேன்.

எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை. போன ஆவணியில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். எத்தனை பேருக்குச் சமையல் என்று சமையல்காரர் கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திருந்தியவன் அல்லவா? குணகம் எதுவும் போடாமல், இரண்டு முறை கூட்டிப் பார்த்து, ஒரு பத்திரிகைக்கு இரண்டு பேர் என்று சொன்னேன்.

ஒரு பத்திரிகைக்கு ஒரு வேன் வந்தது. முதல் பந்தியிலேயே சாதம் முடிந்து, மறுபடி உலை வைத்தார்கள். மண்டப வாசலில் மூன்றாவது வேனின் படியிலிருந்து செல்வம் அண்ணன் இறங்கினார். கையில் ஊதா பாட்டில், ஆரஞ்சு மூடி.

"இன்னாடா, நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார்.

நான் காலி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சாம்பார் வாளியோடு வந்த அம்மா, சம்பந்தி வீட்டார் எதிரில், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நைனா, பரவால்ல வுடு. ஒரு பாயிண்ட்டு."