வெள்ளை நாயின் கொட்டாவி

மேஸ்திரி தர வேண்டியது மூவாயிரத்து நானூற்றைம்பது. இருபத்துமூன்று நாள் செங்கல் சுமந்த கூலி.

மூன்றாவது சனிக்கிழமையாக நெட்டையன் மேஸ்திரி வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றான். மேஸ்திரி வாசற்படியில் நின்றபடியே வாய் கிழியக் கொட்டாவி விட்டார். உதட்டை நக்கிக்கொண்டு முகத்தை மதில் பக்கம் திருப்பினார்.

"அடுத்த வாரம் பாக்கலாம்."

ஆறடி ஆள் வந்து நின்றால் இந்த மனுசனுக்குத் தூக்கம் வருகிறது. என்ன திமிர்!

"வாயத் தொறந்து கேட்டீங்களா?" என்றாள் வீட்டில் அவன் மனைவி.

"அதுக்குள்ள கொட்டாவி விட்டுட்டாரு."

"அப்ப கரியனைக் கூட்டிட்டுப் போங்க. அதுக்காவது மரியாதை குடுக்கட்டும்."

கரியன் கன்றுக்குட்டி உயரத்து நாய். மேஸ்திரி வீட்டு வெள்ளை நாய் ஒரு முழம்கூட இருக்காது. அடுத்த சனிக்கிழமை அது கேட் இடுக்கில் நுழைந்து வந்து 'வள்' என்றதும் கரியன் பொத்தென்று மல்லாந்து நாலு காலையும் தூக்கிக்கொண்டது. நெட்டையனுக்கு மானம் போயிற்று. மேஸ்திரி இன்னொரு கொட்டாவி விட்டார்.

வீரம் வரட்டும் என்று ஒரு வாரம் கடனுக்கு முட்டை வாங்கி ஊட்டினான். அடுத்த சனிக்கிழமையும் கரியன் மல்லாந்தது, வயிறு மட்டும் கொஞ்சம் பெருத்திருந்தது. இனி நாயை நம்பிப் பிரயோசனமில்லை என்று நெட்டையனே மார்பை நிமிர்த்தி, இமைக்காமல் முறைத்தான். மேஸ்திரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திங்கட்கிழமை வேலைக்கு எல்லாரையும் கூப்பிட்டார், இவனைத் தவிர.

"கூலியும் போச்சு, வேலையும் போச்சு. நாய் மட்டும் நல்லாத் தேறிடுச்சு" என்றாள் மனைவி.

அடுத்த சனிக்கிழமை கேட்டில் ஒரு கம்பவுண்டர் நின்றார். வெள்ளை நாய்க்கு ஊசி போட வந்தவர். கரியன் வழக்கம்போல மல்லாந்தது.

"ஏன் தம்பி, இவ்ளோ பெரிய நாய் இதுக்கு அடங்கிப் போகுது?" என்று நெட்டையன் அவரிடம் கேட்டான்.

"எங்க அடங்குது? வாலு லேசா ஆடுது பாருங்கண்ணே. சின்னதுக்கு எட்டட்டும்னு விட்டுக்குடுத்து விளையாடுது. பயந்து படுத்தா வாலு வயித்தோட ஒட்டிக்கும்."

நெட்டையன் குனிந்து பார்த்தான். வெள்ளை நாய் கொட்டாவி விட்டது, உதட்டை நக்கியது, முகத்தைத் திருப்பியது.

"இதுக்கும் என்னைப் பாத்தா தூக்கம் வருது."

"தூக்கமில்லண்ணே, பயம். 'நான் சண்டைக்கு வரல, விட்டுடு'ங்குது. தள்ளிப் போய் உக்காருங்க, மூஞ்சியப் பாக்காதீங்க. தானா வரும்."

நெட்டையன் நிமிர்ந்தான். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மேஸ்திரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு பத்தடி தள்ளிப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தான். வெள்ளை நாய் வந்து அவன் முழங்கையை மோந்தது. பின்னால் கதவு திறந்தது.

மேஸ்திரியின் மனைவி வந்து பணத்தை அவன் கையில் எண்ணி வைத்தாள்.

"மூவாயிரத்து நானூத்தம்பது, சரியா இருக்காண்ணே? மொத சனிக்கிழமையிலருந்து அவரு சட்டைப் பையிலதான் இருக்கு. நீங்க நிக்கிற நிப்பைப் பாத்துட்டு, கிட்ட வந்து குடுக்கத்தான் அவருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."