தொப்பிக்குக் குளிர்ச்சி

கலைமகளின் ஒரு கை பெரியவர் வைரக்கண்ணுவின் தோளிலும் இன்னொரு கை இடுப்பிலும் இருந்தன. இடப்பக்கமாகப் புரட்டி, வால் எலும்பின் மேலிருந்த படுக்கைப் புண்ணைப் பார்க்கக் குனிந்தாள். அப்போது பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

“யாரு கதவைத் திறந்து போட்டது? குளிர்ச்சி வெளியே போவுதுல்ல!”

குளிர்ச்சி யாருக்கு? பக்கவாதத்தில் விழுந்த எண்பத்து நாலு வயதுக்காரருக்கு என்று நினைத்தால், உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. பெரியவர் கூடத்தில், சித்திரைப் புழுக்கத்தில், முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறிக்குக் கீழே கிடந்தார். ஏ.சி. அறையில் இருந்தவை பத்தொன்பது தொப்பிகள். பட்டாளத்துப் பழைய தொப்பிகள்.

இந்த இனத்துக்குத் தொப்பி நிபுணர் என்று பெயர். வலங்கைமானில் கிடைப்பது பெரியவரின் ஒரே மகன் ராஜராஜன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தொப்பி நிபுணர் பட்டாளத்தில் இருந்திருக்க மாட்டார், பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. வரிசையில் வெயிலுக்குப் பயந்து மயங்கி விழுந்தவராக இருப்பார். வெள்ளைக் கையுறை மாட்டாமல் தொப்பியைத் தொட மாட்டார், பூதக்கண்ணாடி இல்லாமல் பித்தளைச் சின்னத்தைப் பார்க்க மாட்டார், பார்த்த பிறகு ஐந்து நிமிடம் வாயைத் திறக்க மாட்டார், திறந்தால் சாப்பாட்டு வேளை தாண்டும்வரை மூட மாட்டார். அவர் வீட்டு அலமாரியில் ஆறு இரும்புத் தொப்பிகள் இருக்கும்; அவரோ தஞ்சாவூர் போகும் வழியில் வெறுந்தலையோடு பைக் ஓட்டிப் போலீசிடம் மாட்டுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே மோப்பம். தொப்பியைக் கவிழ்த்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலத்தைச் சொல்வார்.

கலைமகள் நோயாளி பராமரிப்புப் படித்து முப்பது வருடமாக அதே வேலையில் இருப்பவள். நாலு நாளாக ஒரே விஷயத்தைத்தான் கேட்டாள்.

“சார், வேர்வையில ஊறி ஊறிப் புண்ணு ஆழமாவுது. எலும்பு தெரிஞ்சா அப்புறம் என் கையில இல்ல. அப்பாவை அந்த ரூம்ல போடுவோம்.”

“அக்கா, உங்களுக்குப் புரியாது. ஈரம் பட்டா தோலு பூஞ்சை புடிச்சிரும்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவர் சொன்னது தொப்பியின் தோலை.

அன்று சாயங்காலம் கும்பகோணத்துப் பழஞ்சாமான் கடையிலிருந்து இருபதாவது தொப்பி வந்தது. கறுப்புத் துணி, பித்தளைச் சின்னம், உச்சியில் சிவப்பு இறகுக் குஞ்சம். ராஜராஜன் அதைக் கூடத்துக்கே கொண்டுவந்து மோந்தார்.

“மெட்ராஸ் படை. நூத்தி எழுபது வருஷத்துக்குக் குறையாது. இந்த வாசம் இருக்கே, இது வெள்ளைக்காரன் வேர்வை.”

வேர்வைக்கு ஊர், நாடு கிடையாது என்பது துடைத்தவர்களுக்குத் தெரியும்.

தொப்பிக்குள் நெற்றியைச் சுற்றி வரும் பட்டையின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. பூதக்கண்ணாடியில் மஞ்சளான காகித ஓரம் தெரிந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. “சிப்பாய் பேரு எழுதுன சீட்டு! பாருங்க, எவ்வளவு பழுத்திருக்கு! கையால இழுத்தா கிழிஞ்சிரும் அக்கா. நீங்க புண்ணுல துணி எடுப்பீங்களே, அந்த இடுக்கியால எடுங்க.”

எடுத்தாள். தொப்பி தலைக்குப் பெரிதாக இருந்தால் எவனும் செய்கிற வேலைதான்: காகிதத்தை நாலாக மடித்து உள்ளே செருகியிருந்தான். ஓரத்து மஞ்சள் பழுப்பு அல்ல, அசல் மஞ்சள். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவுவோமே, அது.

கலைமகள் உரக்கப் படித்தாள். “செல்வன் ராஜராஜன், செல்வி பிரகதீஸ்வரி... தங்கள் நல்வரவை விரும்பும் வைரக்கண்ணு, வலங்கைமான்.”

அடுப்படியிலிருந்து மனைவி பிரகதீஸ்வரி ஈரக்கையோடு ஓடிவந்து தொப்பியைப் பார்த்தாள்.

“குத்தாலம் பேண்டு செட்டு! என்னங்க, மாப்பிள்ளை அழைப்புல இந்தக் குஞ்சத்துக்குப் பின்னாலதானே கார்ல வந்தீங்க? அந்தாளு வேர்வையையா இப்ப மோந்தீங்க?”

கட்டிலில் பெரியவரின் ஒரு பக்கத்து வாய் மட்டும் சிரித்தது.

இந்த இனம் தோற்குமா? “தொப்பி பட்டாளத்துதுதான். அப்புறமா பேண்டுக்காரன் கைக்குப் போயிருக்கு” என்றார் ராஜராஜன்.

“சரிங்க சார்,” என்றாள் கலைமகள். “முப்பது வருஷத்துக்கு மேல மழையிலயும் வேர்வையிலயும் ஊர்வலம் போயிருக்கு. பூஞ்சை எங்கே? ஏ.சி. எங்கே இருந்துச்சு?”

அவர் கையுறையைக் கழற்றினார், மாட்டினார். நாளைக்கு யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு போனார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் தொப்பி இல்லைதான். தூசு படாமல் உறை போட்டு வைத்திருப்பது எது? பேரப்பிள்ளை தொடக்கூடாத சோபாவா? பண்டிகைக்குக்கூட எடுக்காத பாத்திரமா? அது இருக்கிற இடத்தில் யார் படுத்திருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு மூக்கைச் சுளிக்காதீர்கள், அதுவும் மோப்பம்தான்.

மறுநாள் காலை, ராஜராஜன் எழுவதற்கு முன், பிரகதீஸ்வரி சாவியைக் கலைமகளின் கையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். விதைநெல் தீர்ந்து காலியாகக் கிடந்த இரண்டு டிரம்களைக் கலைமகள் துடைத்து, அடியில் நொச்சி இலை பரப்பி, பழந்துணியில் சுற்றிய தொப்பிகளை ஒவ்வொன்றாக அடுக்கி மூடினாள். விதை கெடாத இடத்தில் தொப்பி கெடாது. பிறகு கட்டில் சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, பெரியவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். புண்ணைக் கழுவி, உலர்த்தி, வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். அவர் அப்போதே தூங்கிப்போனார்.

வெள்ளைக் கையுறையோடு ராஜராஜன் வாசற்படியில் வந்து நின்றார்.

“உள்ளே வர்றதுன்னா வாங்க சார்,” என்றாள் கலைமகள். “இல்லன்னா கதவைச் சாத்துங்க. குளிர்ச்சி வெளியே போவுதுல்ல.”