இன்பொக்ஸ் அண்ணனும் என் ஒப்பந்தப் படிவமும்

மட்டக்களப்பு வாவியில் உள்ள மீனையெல்லாம் எண்ணி முடித்தாலும் முடிக்கலாம். எங்கள் இன்பொக்ஸ் அண்ணன் செய்யவேண்டிய வேலைகளை எண்ணி முடிக்க முடியாது.

வாவிக்கரையில் இருந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் அவர் நிருவாகம் பார்த்தார். நான் வெளிக்கள உத்தியோகத்தன். அவரைக் கொழும்பில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பியதுதான் வினை. மனதில் தோன்றும் வேலையை எல்லாம் உடனே போனில் ‘இன்பொக்ஸ்’ என்ற ஒரே இடத்தில் எழுதிப் போட வேண்டும், கிழமைக்கு ஒருமுறை உட்கார்ந்து அதைப் பிரித்துக் காலியாக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். அண்ணன் முதற்பாதியில் கரைகண்டவராகத் திரும்பி வந்தார். இரண்டாம் பாதியை அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்தியிருக்க வேண்டும்.

யார் எதைச் சொன்னாலும் போனை எடுப்பார். “போட்டிட்டன் மனே” என்பார்; எல்லோரும் அவருக்கு மகனேதான். அத்தோடு அந்த வேலையே முடிந்துவிட்ட நிம்மதி முகத்தில் வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் முடியும் வேலையை எழுதாமல் உடனே செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஆனால் ஒரு வேலை இரண்டு நிமிடத்தில் முடியுமா என்று தீர்மானிக்க அவருக்குக் கால் மணித்தியாலம் பிடிக்கும்.

ஒருநாள் பனிச்சங்கேணியில் இருந்து வந்த மீனவர் ஒருவர் அன்பாக ஒரு பை உயிர் நண்டு கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் பையை மேசைக்கடியில் வைத்து, ‘நண்ட பிரிட்ஜில வைக்கணும்’ என்று இன்பொக்ஸில் போட்டார். பின்னேரம் சக ஊழியர் சுபா அக்கா கதிரைமேல் ஏறி நின்றபடி கடிதம் தட்டச்சு செய்தார். கடைசி நண்டு கோப்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்ததை இரண்டு நாள் கழித்து எங்கள் மூக்குத்தான் கண்டுபிடித்தது.

எங்களுக்கெல்லாம் வருட ஒப்பந்தம். புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அண்ணன்தான் ஒப்பமிட்டுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அந்த வருடம் வியாழன் பன்னிரண்டு மணிதான் கடைசி நேரம்; தவறினால் வேலை இல்லை. வீட்டில் எனக்கு நாற்பது நாள் பிள்ளை. நான் ஒரு கிழமைக்கு முன்பே, அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது படிவத்தை நீட்டினேன். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

வியாழன் பதினொரு மணிக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. அண்ணன் கூட்டமொன்றுக்கு ஏறாவூர் போய்விட்டார். போன் மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் திறக்கும் இலக்கத்தை மறந்துவிடாமல், அவர் பாஷையில் ‘அயத்துப் போகாமல்’ இருக்க அவரே அருகில் எழுதி ஒட்டியிருந்தார்.

என் படிவம் என்னவாயிற்று என்று பார்க்க நானும் சுபா அக்காவும் இன்பொக்ஸுக்குள் இறங்கினோம். ‘பிரின்டருக்கு மை’ ஏழு இடத்தில் கிடந்தது. ‘சுபாட மகள்ட சோதினை என்னாச்செண்டு கேக்கணும்’ கிடந்தது. அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். ‘தம்பிட புள்ளயப் பாக்கப் போகணும்’ கிடந்தது; தம்பி என்றால் நான்தான். ‘இன்பொக்ஸக் காலியாக்கணும்’ மட்டும் இருபத்து மூன்று தடவை. என் படிவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டும் அடித்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு அண்ணன் வந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கண்டதையெல்லாம் எழுதுகிறவர் என் படிவத்தை மட்டும் எழுதவில்லையே என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

அவர் திகைத்துப் போனார். படிவத்தைக் கொடுத்த அன்றே அனுப்பிவிட்டாராம். கிடைத்தது என்று கொழும்பில் இருந்து வந்த பதிலையும் கணினியில் திறந்து காட்டினார்.

“அப்ப ஏன் அண்ணன் இன்பொக்ஸில போடல்ல?”

“உன்ட வேலைப் பிரச்சினையெல்லோ மனே. அதுக்குள்ள போட்டா அயத்துப் போயிருவன்.”

சொன்ன கையோடு போனை எடுத்து, ‘அனுப்பினதத் தம்பிக்குச் சொல்லணும்’ என்று போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மனிதரோடு கோபப்பட எனக்கு மனம் வந்ததே இல்லை.