ரிஜெக்சன் அண்ணனின் எக்ஸெல் காப்பி

பிரம்மா உலகத்தைச் செய்து முடித்து, பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ரிஜெக்சன் அண்ணனிடம் ஒரு தடவை காட்டியிருந்தால், நாமெல்லாம் இன்னும் பிறந்திருக்கவே மாட்டோம். மலை கோணல், கடலோரம் பிசிறு, நிலாவில் கறை என்று எழுதி மொத்தத்தையும் மறு செக்கிங்குக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு பௌர்ணமியன்று பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "கறை நடு மத்தியில இருக்குதுங்க தம்பி. மேஜர் டிபெக்ட்" என்று அவர் சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்தின் நடு வருடங்கள் அவை. திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ஒரே முற்றம், ஒரே தண்ணீர்த் தொட்டி, வரிசையாக ஆறு வீடுகள். நாளெல்லாம் தையல் மெசின்களின் இரைச்சல். வெயில் விழும் இடத்திலெல்லாம் மிதக்கும் பஞ்சுத் தூசி. யாரோ உதறிவிட்டுப் போன தலையணை மாதிரி இருக்கும் ஊர். எனக்கு அடுத்த வீடு ரிஜெக்சன் அண்ணனுடையது. இயற்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு பனியன் வாங்கி அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் கடைசிச் சோதனை அவருடையது. அவர் 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டால் பெட்டிகள் துறைமுகத்துக்குப் போகும். 'ரிஜெக்ட்' என்றால் முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போவார்.

பனியனில் ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ தென்பட்டால், அதைச் சுட்டிக்காட்டி ஒட்டுவதற்கென்று சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் உண்டு. கம்பெனிக்குள்ளே ஒட்ட வேண்டியவை. அண்ணன் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் திரிந்தார். ஒருநாள் சலூனில் முடி வெட்டிக்கொண்டவர் எழுந்து, இடது கிருதா கால் அங்குலம் நீளம் என்று கண்ணாடியில் தன் பிம்பத்தின் காதோரம் ஓர் அம்பை ஒட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் காதோரம் ஓர் அம்பு. சலூன்காரர் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கண்ணாடியையே மாற்றினார்.

அவிநாசிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் இரண்டு வடை. பையிலிருந்து டேப்பை எடுத்தார் அண்ணன்.

"ஏனுங்க, ஒண்ணு ஏழு சென்டிமீட்டர், இன்னொண்ணு எட்டுங்க. அரை சென்டிமீட்டர் வரைக்குந்தானுங்க மன்னிக்க முடியும்."

சமையல்காரர் கரண்டியை ஊன்றி நின்றார். "அண்ணா, வடையத் திங்கோணுமுங்க. மாட்டிப் பாக்கக் கூடாதுங்க."

அப்பேர்ப்பட்டவர் தினம் ஐந்து வேளை காப்பி குடிப்பவர். எந்த மூலையில் எந்தக் கம்பெனியில் சோதனை இருந்தாலும், காப்பி நேரத்துக்கு மொபெட்டை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் மனைவி சரசு அக்கா பித்தளைப் பில்டரில் டிகாஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றிக் கொடுப்பார். அந்த மணம் ஆறு வீடுகளுக்கும் பொது. காற்று கொஞ்சம் தாராளமாக அடித்தால், என் வீட்டுப் பாலில்லாத வறட்டீயையே காப்பி என்று நம்பிக் குடித்துவிடலாம்.

அண்ணன் டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கி நிறம் பார்ப்பார். "சேடு நேத்தைய விட லைட்டு, புள்ள."

"ஆமாங்க."

"நுரை இந்தப் பக்கம் கம்மி."

"டம்ளரத் திருப்பிப் புடிங்க. அந்தப் பக்கம் கம்மியாயிரும்."

குடித்து முடித்துவிட்டு, "பரவால்ல, ஏத்துக்கலாம்" என்பார். பாஸ் என்று மட்டும் சொன்னதே இல்லை. இருபது வருடக் காப்பியில் ஒரு டம்ளர்கூட பாஸ் ஆகவில்லை.

சரசு அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், முற்றத்தின் மறுகோடியில் போய்க்கொண்டிருந்த என்னை நிறுத்தி, "தம்பி, புதுச் சட்டையா? காலருக்கு அடியில ஒரு தையல் உட்டிருக்குதுங்க" என்றார். அண்ணன் கண்ணாடி மாட்டி, டேப்பை விரித்து, என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அம்பு ஒட்டிவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவர்களுடைய ஒரே மகன் அமராவதி நகரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனான். அக்கா என் மனைவியிடம், "பையன் போனதுக்கப்பறம் ஊடு நெம்பப் பெருசாத் தெரியுதுங்க" என்றார். ஒன்றரை அறை வீடு அது. அடுத்த வீதியில் குழந்தைத் துணி தைக்கும் யூனிட்டில், செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். அக்கா கண்ணின் கீர்த்தி எப்படியோ அங்கே எட்டி, வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். காலையில் போனால் சாயங்காலம், பொழுதோடுதான் வர முடியும்.

முற்றத்தில், எல்லார் காதிலும் விழும்படிதான் அந்தப் பேச்சு நடந்தது. லைன் வீட்டில் ரகசியம் பேச இடமில்லை.

"போய்ப் பாக்கட்டுங்களா?" என்றார் அக்கா. பெண் கேட்டு வந்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு சிவந்திருக்காது.

"தாராளமாப் போ, புள்ள" என்றார் அண்ணன். பிறகு, "காப்பி?" என்றார்.

ஆறு வீடுகளிலும் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா தலையைக் குனிந்து ஈரத்துணியைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துணிதான். அந்த முகத்தை அண்ணன் பார்த்தார். என்ன பார்த்தாரோ, சட்டென்று நிமிர்ந்து கணீரென்று அறிவித்தார்:

"நாளைக்கு மொதக்கொண்டு நம்மூட்டுல மெசின் காப்பி!"

மெசினுக்கு ஒரு முன்கதை உண்டு. அண்ணன் சோதனைக்குப் போன கம்பெனியொன்றில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் முன்னாலேயே, ஆபீஸ் காப்பியில் இவர் குறை கண்டு திருப்பி அனுப்பினார். அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை வரும்போது அவருக்கென்று ஒரு காப்பி மெசினும், சட்டைப் பித்தானின் அண்ணன் மாதிரி பளபளக்கும், காப்பித்தூள் அடைத்த குப்பிகள் ஒரு பெட்டி நிறையவும் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு குப்பியை உள்ளே போட்டு, பிடியை அழுத்தி, பொத்தானைத் தட்டினால் ஒரு ஆளுக்கு ஒரு காப்பி. அட்டைப் பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததால் அண்ணன் அதை ரிஜெக்ட் செய்து இரண்டு வருடமாகப் பரணில் வைத்திருந்தார்.

இப்போது அது இறங்கியது. வெளிநாட்டுப் பிளக்கை வெட்டி நம்மூர்ப் பிளக்கு மாட்டினார். மறுநாள் காலையில் லைன் வீடே கூடி நின்றது. மெசின் உறுமியது. நடுங்கியது. டம்ளரின் அடியில் கறுப்பாய் ஒரு விரற்கடை காப்பியைச் சொட்டிவிட்டு ஓய்ந்தது.

நான்காம் வீட்டு அந்தோணி அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தையல் வேலை பார்ப்பவர், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, சாம்பிள் மட்டும் வந்திருக்கு? புரொடக்சன் எப்ப வரும்?"

"அளவாக் குடிக்கறதுங்க இது."

"எங்க ஊர்ல கண்ணுக்கு மருந்து வுடுததே இத விடக் கூடுதலா இருக்குமே!"

அக்கா காய்ச்சி வைத்திருந்த பாலை ஊற்றி, ஒரு மடக்குக் குடித்தார் அண்ணன். அக்கா புதுச் சேலையில், சாப்பாட்டுத் தூக்குடன், வாசற்படியில் ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே என்று நின்றார்.

"நல்லாருக்குது. நீ கெளம்பு" என்றார் அண்ணன். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கவில்லை. நுரையைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

கொண்டாட்டம் இரண்டு வாரம்தான். குப்பிகள் தீர்ந்துவிட்டன. திருப்பூரில் எந்தக் கடையிலும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் மெசினைப் பரணேற்றியிருப்பார்கள். அண்ணனோ, "காலிப் பீசு ரீ-வொர்க் பண்ணா ஆச்சு" என்றார். குடித்துப்போட்ட குப்பிகளைக் கழுவி, முற்றத்துச் சுவரில் வடகம் மாதிரி காய வைத்தார். முக்கு மளிகைக் கடைக் காப்பித்தூளை உள்ளே திணித்தார். மேல்மூடிக்கு அலுமினியத் தாள். அதை ஒட்டத்தான் உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் தோன்றாத யோசனை வந்தது. பனியன் கழுத்தில் சைஸ் எழுத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுவார்கள் இல்லையா, அந்தப் பசை ஸ்டிக்கர். கம்பெனிகளில் மிஞ்சிய தாள்கள் அவரிடம் கத்தை கத்தையாக இருந்தன.

மூடிக்கு மேல் ஸ்டிக்கர், ஸ்டிக்கர் மேல் இஸ்திரிப் பெட்டி. ஒவ்வொரு குப்பியும் தலையில் ஓர் எழுத்தோடு வெளிவந்தது. வீணாக்குவானேன் என்று அதற்கும் ஒரு முறை வகுத்தார். தூள் கூடுதலாய்ப் போட்டால் எக்ஸெல், நடுத்தரம் மீடியம், பொழுதோடு குடிக்க ஸ்மால்.

"தம்பி, காலைக்கு எக்ஸெல் போட்டாத்தானுங்க ஒடம்புக்குப் பத்துது" என்பார். காப்பி பசை வாசம் அடிக்கும். புதுப் பனியனைப் பாலில் நனைத்துப் பிழிந்தது போல ஒரு ருசி. அண்ணன் மட்டும் மாலையில் திரும்பி வரும் அக்காவிடம், "அருமை புள்ள, அருமை" என்பார். அக்கா செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதைகளைத் தொடங்கிவிடுவார். எந்தச் சட்டையில் பித்தான் தலைகீழ், எந்தப் பெண் முதல்நாளே எத்தனை பீஸ் முடித்தாள். அவர் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்பதே அதுவரை லைன் வீட்டுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம், பதினொரு மணிக் காப்பிக்கு வந்த அண்ணன், ஒரு எக்ஸெல் குப்பியில் இடியாப்ப மாவை அடைப்பது போலத் தூளை அடைத்துவிட்டார். பொத்தானைத் தட்டினார். மெசின் முக்கியது, முனகியது, பிறகு டமார் என்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் அண்ணன் வெள்ளைச் சட்டையில் காப்பி, மீசையில் காப்பி, மேற்கூரையில் ஆப்பிரிக்கா மாதிரி ஒரு காப்பி.

அன்று வேலைக்குப் போகாத அந்தோணி அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீதிக்குப் பறந்தார். "மைனி! உங்க வீட்டு மெசினு வெடிச்சிட்டு!"

அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். சோதித்துக்கொண்டிருந்த ஆறுமாசக் குழந்தைச் சட்டை ஒன்று அவர் கையிலேயே இருந்தது. அண்ணன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு படவில்லை என்று தெரிந்ததும் மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்தார்.

"போதுமுங்க. நாளைக்கு மொதக்கொண்டு நான் போகலீங்க. அவங்க வேற ஆளப் பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு அந்தச் சின்னச் சட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. சும்மா நின்றிருந்தால் போதும். நாளைக் காலையில் பித்தளைப் பில்டர் வந்துவிடும், நுரை வந்துவிடும், மணம் வந்துவிடும். மூன்று வாரமாக அந்த மனிதர் எதற்கு ஏங்கிக்கொண்டிருந்தார் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

அவர் மெசினடியில் தேங்கியிருந்ததை டம்ளரில் ஊற்றினார். பாலை விட்டார். பாதித் தூள், பாதிப் பசை. மேலே எக்ஸ் எழுத்தின் ஒரு கால் மிதந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும், நின்றபடி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"பாஸ்" என்றார்.

அக்கா நிமிர்ந்தார். "என்னங்க?"

"பாஸுன்னேன். காப்பி நெம்ப நல்லாருக்குது. மெசினுக்கு ஒண்ணுமில்ல, மூடிதான் சரியா ஒட்டல, அது என்ற தப்பு. நான் எப்பப் புள்ள தப்பா ரிப்போர்ட் குடுத்திருக்கறன்? எந்திரி. அங்க சட்டையெல்லாம் உனக்குக் காத்துட்டிருக்கும், போ."

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போனார். வீதி திரும்பும் வரை அண்ணன் புன்னகையை இறக்கவில்லை. திரும்பியதும் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி ஏழெட்டுத் தடவை வாய் கொப்பளித்தார். நான் பார்த்துவிட்டதைப் பார்த்தார்.

"மைனர் டிபெக்ட்தானுங்க தம்பி," என்றார், கண்ணில் நீர் கட்ட. "ஏத்துமதி பண்ணலாம்."

அன்று பொழுதோடு, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தக் காப்பிய அவரு நெசமாலுமே ஆசப்பட்டுத்தான் குடிக்கறாருங்களா?"

"ரசிச்சுக் குடிக்கறாருங்க அக்கா" என்றேன், தொட்டியைப் பார்த்துக்கொண்டு.

அக்கா சிரித்தார். "நான் செக்கிங்ல இருக்கறனுங்க தம்பி." நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல, "எனக்கு அந்த வேல புடிச்சிருக்குதுங்க. அவரு சொன்னத நம்புன மாதிரியே இருந்துக்கறன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஊட்டுல இருக்கறப்ப, நீங்களும் ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சுப்போடுங்க. தனியாக் குடிச்சா அவருக்குத் தொண்டையில எறங்காதுங்க" என்றார்.

அண்ணன் வீடு மாற்றிப் போகும் வரை, ஒன்றரை வருடம் குடித்தேன். எப்போதும் எக்ஸெல்தான் கேட்டு வாங்குவேன்.